திருட்டுப் போன வீட்டுக்கு அடுத்த வீடு

புறநகரில் வீடு பார்க்கப் போகிற எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "இந்த ஏரியா எப்படி, பாதுகாப்பானதுதானா?" வீட்டுத் தரகர் ஒரு பிரச்சினையும் இல்லை என்பார். எதிர்வீட்டுக்காரர் போன வருஷம் நடந்த திருட்டு ஒன்றைச் சொல்லி வயிற்றில் புளியைக் கரைப்பார். ஃபோனில் தேடினால் வரைபடத்தில் அந்தப் பகுதி சிவப்பாகவோ பச்சையாகவோ தெரியும், பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். கடைசியில் பலரும் அந்த எண்ணை நம்பித்தான் முடிவெடுக்கிறார்கள். அந்த எண் ஒரு தெருவைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. குற்றம் ஒரு பகுதி முழுவதும் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. சில வாசல்கள், சில சந்துகள், நாளின் சில மணி நேரங்கள் என்று அங்கங்கே ஒட்டிக்கொண்டு நடக்கிறது. எங்கே ஒட்டுகிறது, ஏன் ஒட்டுகிறது என்று தெரிந்துகொண்டால் தடுக்கும் வழியும் பாதி தெரிந்துவிடும்.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். ஓராண்டில் பதிவான குற்றங்களை மக்கள்தொகையால் வகுத்து, ஒரு லட்சம் பேருக்கு இத்தனை என்று சொல்வதுதான் குற்ற விகிதம். நாடு, மாநிலம், பெருநகரம் என்ற அளவில் இது நன்றாகவே உதவும். நாலாயிரம் பேர் வசிக்கும் ஒரு குடியிருப்புக்கு இதையே போட்டால் கணக்கு தடுமாறிவிடும். அங்கே ஓராண்டில் ஒரே ஒரு கொலை நடந்தால் விகிதம் லட்சத்துக்கு 25. உலக சராசரியே ஏறக்குறைய 6தான். அடுத்த ஆண்டு கொலை நடக்காவிட்டால் விகிதம் பூஜ்யம். இந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே அங்கே எதுவுமே மாறியிருக்காது. "ஒரே ஆண்டில் திருட்டு இரு மடங்கு" என்ற செய்தியும் அப்படித்தான். மூன்று ஆறானாலும் இரு மடங்கு, முந்நூறு அறுநூறானாலும் இரு மடங்கு. சின்னப் பகுதியைப் பற்றிப் பேசும்போது சதவீதத்தைத் தள்ளி வைத்துவிட்டு, எத்தனை சம்பவம், என்ன வகை, கடந்த நாலைந்து ஆண்டுகளாக எப்படி என்று கேட்பதுதான் பயன் தரும்.

எதால் வகுக்கிறோம் என்பதிலும் சிக்கல் இருக்கிறது. புறநகரின் ஓர் ஓரத்தில் பெரிய வணிக வளாகமோ ரயில் நிலையமோ இருந்தால், பகலில் அங்கே வசிப்பவர்களைப் போலப் பத்து மடங்குக் கூட்டம் வந்து போகும். அந்தக் கூட்டத்தில் நடக்கும் பர்ஸ் திருட்டும் வண்டித் திருட்டும் அந்தப் பகுதியின் கணக்கில்தான் ஏறும். வகுப்பதோ இரவில் அங்கே தூங்குகிறவர்களின் எண்ணிக்கையால். வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும் பல பகுதிகளின் கதை இதுதான். வளாகத்திலிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே போனால் வருஷக்கணக்கில் ஒரு புகாரும் இல்லாத தெருக்கள் இருக்கும்.

அப்புறம், போலீஸுக்குப் போன குற்றம் மட்டுமே இந்தக் கணக்கில் வரும். போகாதது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அமெரிக்கா 1973 முதல் வீடு வீடாகக் கேட்டுக் கணக்கெடுக்கிறது. பிரிட்டன் 1982இல் தன் கணக்கெடுப்பைத் தொடங்கியது. "அண்மைக் காலத்தில் உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்ததா, நடந்திருந்தால் போலீஸில் சொன்னீர்களா?" என்பதுதான் இவற்றின் மையக் கேள்வி. திரும்பத் திரும்பத் தெரியவருவது இது: வண்டி திருடு போனால் பெரும்பாலோர் புகார் கொடுக்கிறார்கள், ஏனென்றால் காப்பீட்டுப் பணம் வாங்கப் புகார் வேண்டும். வீடு புகுந்து திருடினால் ஏறக்குறைய பாதிப் பேர்தான் சொல்கிறார்கள். பாலியல் வன்முறையும் வீட்டுக்குள் நடக்கும் அடி உதையும் மிகக் குறைவாகவே வெளியே வருகின்றன.

இதனால் ஒரு தலைகீழ் விளைவு உண்டாகிறது. புகாரை மரியாதையோடு வாங்கிப் பதிவு செய்யும் காவல் நிலையத்தின் எல்லையில் குற்றம் அதிகமாகத் தெரியும். புகார் கொடுக்க வந்தவரை அலைக்கழித்துத் திருப்பி அனுப்பும் நிலையத்தின் எல்லை சுத்தமாகத் தெரியும். இந்தியாவின் தேசிய குற்ற ஆவணக் காப்பகமே, பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் ஒன்றென்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எச்சரிக்கிறது. ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் நடந்திருந்தால் அதில் கடுமையானதை மட்டும் கணக்கில் எடுப்பதும் அதன் நடைமுறை. கொள்ளையடிக்க வந்தவன் கொலையும் செய்துவிட்டுப் போனால் அட்டவணையில் கொலை மட்டும் நிற்கும். புகார் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்ற செய்தியைப் பார்த்ததும் பயப்படுவதற்கு முன்னால், மக்கள் துணிந்து புகார் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்களா என்று யோசிக்க வேண்டும். அப்படியிருந்தால் அது நல்ல செய்தி.

தெருவுக்குத் தெரு

1989இல் லாரன்ஸ் ஷெர்மன் என்ற குற்றவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் ஓராண்டில் போலீஸுக்கு வந்த அழைப்புகளை முகவரிவாரியாகப் பிரித்து வெளியிட்டார்கள். நகரத்திலுள்ள முகவரிகளில் சுமார் 3 சதவீதத்திலிருந்து மட்டுமே பாதி அழைப்புகள் வந்திருந்தன. பிறகு டேவிட் வைஸ்பர்ட் என்ற குற்றவியலாளரும் குழுவினரும் அதே நாட்டின் சியாட்டில் நகரத்தின் குற்றப் பதிவுகளை 1989 முதல் பதினாறு ஆண்டுகளுக்குத் தெருத் துண்டுகளாக, அதாவது ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்பு வரையிலான துண்டுகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆண்டுதோறும் 5 முதல் 6 சதவீதத் துண்டுகளில் பாதிக் குற்றங்கள் நடந்திருந்தன. வேறு பல நகரங்களில் பார்த்தபோதும் கிட்டத்தட்ட இதே அளவுதான் வந்தது.

சியாட்டில் முடிவில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இன்னொன்று. "மோசமான ஏரியா" என்று பெயரெடுத்த இடங்களிலும் பெரும்பாலான தெருக்கள் அமைதியாகவே இருந்தன. "நல்ல ஏரியா"விலும் விடாமல் தொல்லை தரும் ஒரு தெரு இருந்தது. பக்கத்துப் பக்கத்துத் தெருக்களே ஒன்றுக்கொன்று வேறு மாதிரி இருந்தன. ஏரியாவின் பெயரை மட்டும் வைத்து ஒரு தெருவைப் பழிப்பதும் நம்புவதும் எவ்வளவு பிசகு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஏன் சில இடங்கள் மட்டும்? 1979இல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் மிக எளிமையான விளக்கம் ஒன்றைச் சொன்னார்கள். குற்றம் நடக்க மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூட வேண்டும்: செய்யத் துணிந்த ஆள், எடுக்கத் தோதான பொருள் அல்லது மாட்டிக்கொள்ளும் மனிதர், தடுக்கக்கூடியவர் யாரும் பக்கத்தில் இல்லாமை. மூன்றில் ஒன்று விலகினாலும் குற்றம் நடக்காது. அமெரிக்காவில் 1960களில் வருமானம் உயர்ந்து, வேலைவாய்ப்பு பெருகி, படிப்பு வளர்ந்த காலத்தில் குற்றம் ஏன் கூடியது என்பதுதான் அவர்கள் விடை தேடிய புதிர். காலை எட்டு மணிக்கு ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகளின் விகிதம் 1960க்கும் 1971க்கும் இடையில் ஏறக்குறைய பாதி அளவு கூடியிருந்தது. அதே காலத்தில் திருடத் தோதான பொருள்களின் எடையும் குறைந்தது. விற்பனைப் பட்டியல் ஒன்றில் 1960இல் இருந்த மிக இலேசான டிவி 38 பவுண்டு, அதாவது 17 கிலோ. 1970இல் மிக இலேசானது 15 பவுண்டு, 7 கிலோவுக்கும் கீழே. பகலில் வீடு காலி, உள்ளே கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி சாமான். புறநகர்த் திருட்டின் இலக்கணத்தை இந்த இரண்டு மாற்றங்களும் எழுதிவிட்டன.

இதற்கு உலகம் தழுவிய சோதனை ஒன்று 2020இல் தானாக நடந்தது. கொரோனா ஊரடங்கில் எல்லோரும் வீட்டிலேயே இருந்தார்கள். 23 நாடுகளின் 27 நகரங்களை எடுத்துப் பார்த்த ஆய்வில், போலீஸ் பதிவு செய்த குற்றங்கள் சராசரியாக 37 சதவீதம் குறைந்திருந்தன. வழிப்பறி, வண்டித் திருட்டு, வீட்டுத் திருட்டு எல்லாம் சரிந்தன. கொலை மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை, 14 சதவீதம்தான். மனிதர்கள் அன்றாடம் எங்கே இருக்கிறார்கள் என்பது மாறியதும் குற்றத்தின் கணக்கும் மாறியது. திருடுகிறவர்கள் ஒரே மாதத்தில் திருந்தியிருக்க முடியாது.

காலை பத்தரை மணி

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் திருட்டில் ஈடுபட்டவர்களிடமே பேசி நடத்திய ஆய்வுகள் பல உண்டு. அவர்கள் சொன்னதை வைத்து ஒரு புறநகர்த் தெருவை அவர்கள் கண்ணால் பார்க்கலாம். காலை பத்தரை மணி. வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் போய்விட்டார்கள். தெருமுனையில் திரும்பி ஒருவன் சாவகாசமாக நடந்து வருகிறான். முதல் வீட்டில் டிவி சத்தம் கேட்கிறது, அது வேண்டாம். இரண்டாவது வீட்டில் நாய். மூன்றாவது வீட்டில் யாரும் இல்லை என்று தெரிகிறது, ஆனால் எதிர்வீட்டு ஜன்னல் அதன் வாசலை நேராகப் பார்க்கிறது. நான்காவது வீட்டுக்கு ஆள் உயரத்துக்கு மேல் மதில். உள்ளே இறங்கிவிட்டால் தெருவிலிருந்து யாருக்கும் தெரியாது. கேட்டில் நேற்றைய தபால் அப்படியே செருகியிருக்கிறது. அவன் அழைப்பு மணியை அழுத்துகிறான். யாராவது கதவைத் திறந்தால், வேறு யாருடைய பெயரையாவது சொல்லி விசாரித்துவிட்டுப் போய்விடலாம். யாரும் திறக்கவில்லை என்றால் அவன் தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாம் தெரிந்தாகிவிட்டது.

வீட்டில் ஆள் இருக்கிறார்களா, உள்ளே நுழைவதை யாராவது பார்ப்பார்களா, சட்டென்று வெளியேற வழி இருக்கிறதா. பேட்டிகளில் மீண்டும் மீண்டும் வருவது இந்த மூன்றும்தான். பாதுகாப்புக்கென்று நாம் கட்டும் உயரமான மதில், இதில் இரண்டாவது விஷயத்தில் திருடன் பக்கம் சேர்ந்துவிடுகிறது. தெருவையும் வாசலையும் பார்க்கும் மனிதக் கண்கள்தான் ஒரு தெருவின் முதல் காவல் என்று, நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலேயே வாதிட்டார். புறநகரில் அந்தக் கண்களைக் குறைப்பது போலவே வீடு கட்டுகிறோம்: முன்பக்கம் முழுக்க வண்டி நிறுத்தும் இடம், ஜன்னல் எல்லாம் பக்கவாட்டில், திண்ணையோ முன்வராந்தாவோ கிடையாது.

தெரு அமைப்புக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்தின் மெர்சிசைடு பகுதியில் நடந்த ஆய்வில் முட்டுச்சந்துகளில் வீட்டுத் திருட்டு குறைவாகவும், பெரிய சாலைகளிலும் அவற்றோடு நேராக இணையும் தெருக்களிலும் அதிகமாகவும் இருந்தது. முட்டுச்சந்துக்குள் காரணமில்லாமல் யாரும் வருவதில்லை. அதனால் புது முகம் உடனே கண்ணில் படும். லிவர்பூலில் வீடுகளின் பின்புறச் சந்துகளுக்குக் கதவு போட்டு அங்கே வசிப்பவர்களுக்கு மட்டும் சாவி கொடுத்தபோது, கதவு போடாத ஒப்பீட்டுப் பகுதிகளைவிட வீட்டுத் திருட்டு 37 சதவீதம் குறைந்தது.

இரண்டாவது முறை

இந்த விஷயத்தில் பொதுமக்களுக்கு மிகக் குறைவாகத் தெரிந்ததும், தெரிந்தால் மிக அதிகமாக உதவக்கூடியதும் ஒன்று உண்டு. ஒரு தெருவில் அடுத்த திருட்டு எங்கே நடக்கும் என்று கேட்டால், அண்மையில் திருட்டுப் போன அதே வீட்டில், அல்லது அதற்குப் பக்கத்தில் என்பதுதான் பதில்.

பூட்டு உடைந்த வீட்டின் முன் அரை மணி நேரத்தில் தெருவே கூடிவிடும். ஆளாளுக்குக் கருத்துச் சொல்வார்கள். வீட்டுக்காரர் அதிர்ச்சியில் உட்கார்ந்திருப்பார். போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போகும். மாலைக்குள் உடைந்த பூட்டுக்குப் பதிலாக அதே மாதிரிப் பூட்டு ஒன்று வாங்கி மாட்டப்படும். பெயர்ந்துபோன கதவுச் சட்டத்தை "அடுத்த வாரம் ஆசாரியை வரச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவார்கள். இடி ஒரே இடத்தில் இரண்டு முறை விழாது என்ற நினைப்பு எல்லோருக்கும் இருக்கும். ஆனால் முதல் சில வாரங்கள்தான் அந்த வீட்டுக்கு மிக ஆபத்தான காலம். உள்ளே அறைகள் எப்படி, எந்த ஜன்னல் பலவீனம், எந்த நேரம் ஆள் இல்லை என்று வந்தவனுக்கு இப்போது தெரியும். முதல் தடவை தூக்க முடியாமல் விட்டுப்போன பொருள் எது என்றும் தெரியும். போன பொருளுக்குப் பதில் புதுசு வாங்கி வைப்பார்கள் என்றும் அவனுக்குத் தெரியும். இதைத் தவிர, முதல் ஆளை இழுத்த அதே குறைபாடு, மறைவான பின்கதவோ இருட்டான சந்தோ, வேறொருவனையும் இழுக்கும்.

இந்த உண்மையை வைத்தே வேலை செய்து காட்டிய இடம் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தை ஒட்டிய கிர்க்ஹோல்ட் குடியிருப்பு. சுமார் 2,280 வீடுகள். 1980களின் நடுவில் வீட்டுத் திருட்டு மிக அதிகமாக இருந்த இடம். அங்கே ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் பார்த்தபோது, ஏற்கெனவே திருட்டுப் போன வீட்டில் மறுபடி திருட்டு நடக்கும் வாய்ப்பு, மற்ற வீடுகளில் முதன்முறை நடக்கும் வாய்ப்பைப் போல நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. ஆகவே குடியிருப்பு முழுவதற்கும் காவல் போடுவதை விட்டுவிட்டு, திருட்டுப் போன வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். திருடன் எந்த வழியாக வந்தான் என்று பார்த்து அந்த இடத்தைப் பலப்படுத்தினார்கள். அந்தக் குடியிருப்பில் காசு போட்டால் ஓடும் எரிவாயு, மின்சார மீட்டர்கள் இருந்தன. பல திருட்டுகள் அந்தக் காசுக்காகவே நடந்தன என்று தெரிந்ததும் பாதிக்கப்பட்ட வீடுகளில் அந்த மீட்டர்களை மாற்றினார்கள். சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்களிடம் போய், "இந்த வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். மூன்று ஆண்டுகளில் குடியிருப்பு முழுவதிலும் வீட்டுத் திருட்டு 75 சதவீதம் குறைந்தது.

ஐந்தாறு வீடுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். தெரு முழுவதையும் எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்க யாராலும் முடியாது. ஒரு வீட்டை, சில வாரங்களுக்கு, சுற்றியிருக்கும் சிலர் பார்த்துக்கொள்வது எல்லோராலும் முடியும். தவிர, ஆபத்து அந்த ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஒரு வீட்டில் திருட்டு நடந்தால் அதிலிருந்து சில நூறு மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கும் ஒன்றிரண்டு மாதங்களுக்கு ஆபத்து கூடுதலாகவே இருக்கும் என்று மெர்சிசைடு பதிவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். பிறகு பல நாடுகளிலும் இதே போக்கு தெரிந்தது. பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டையும் சேர்த்தே காக்கிறார்.

எது பலிக்கிறது

ஒரு சம்பவம் நடந்ததும் குடியிருப்போர் சங்கம் முதலில் பேசுவது சிசிடிவி. அது வீண் என்று சொல்ல மாட்டேன். பல பத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கேமரா வைத்த இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்திருக்கிறது. வண்டி நிறுத்துமிடங்களில்தான் பலன் மிக அதிகம். திரையை ஒருவர் உட்கார்ந்து பார்க்கும் இடங்களில் பலன் கூடுகிறது. கம்பத்தில் மாட்டிவிட்டு யாரும் பார்க்காத கேமரா, நடந்த பிறகு படம் காட்டுவதற்கே பெரும்பாலும் உதவும்.

பூட்டும் விளக்கும் இதைவிட மலிவு. இங்கிலாந்து, வேல்ஸ் குற்றக் கணக்கெடுப்பை ஆராய்ந்தவர்கள், ஜன்னல் பூட்டு, கதவுக்கு உட்பதியும் உறுதியான பூட்டு, வீட்டுக்குள் விளக்கு, வெளியே விளக்கு ஆகிய நான்கும் சேர்ந்திருக்கும் வீடு, ஒன்றும் இல்லாத வீட்டைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது என்று கண்டார்கள். அலாரம் மட்டும் தனியாக இருந்த வீடுகளுக்கு அப்படிப்பட்ட பாதுகாப்புக் கிடைக்கவில்லை. தெருவிளக்கைப் பற்றி 2016இல் நியூயார்க் நகரம் நேரடிச் சோதனையே செய்தது. குலுக்கல் முறையில் தேர்ந்த சுமார் 40 அரசுக் குடியிருப்பு வளாகங்களில் கூடுதல் விளக்குக் கோபுரங்களை நிறுத்தினார்கள். இரவில் வெளியே நடக்கும் கடும் குற்றங்கள் அங்கே 36 சதவீதம் குறைந்தன.

காலி மனை இன்னொன்று. புதர் மண்டி, குப்பை குவிந்து கிடக்கும் மனை இல்லாத புறநகரே குறைவு. ஃபிலடெல்ஃபியாவில் இப்படிப்பட்ட 541 மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியைச் சுத்தம் செய்து புல்லும் சில மரங்களும் நட்டுச் சின்ன வேலி போட்டார்கள். வறுமை மிகுந்த பகுதிகளில் அந்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. 2018இல் வெளியான முடிவு இது. போலீஸ்காரர் ஒருவரைக்கூடக் கூடுதலாகப் போடவில்லை.

"இங்கே தடுத்தால் அடுத்த தெருவுக்குப் போவான், அவ்வளவுதானே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதையே தனியாக எடுத்து 102 ஆய்வுகளை அலசினார்கள். குற்றம் இடம் மாறியதற்கான அறிகுறி தெரிந்தது நான்கில் ஒரு பங்கு சந்தர்ப்பங்களில்தான். ஏறக்குறைய அதே அளவு சந்தர்ப்பங்களில் பக்கத்துப் பகுதிகளுக்கும் நன்மை பரவியிருந்தது. திருட்டில் பெரும்பகுதி வாய்ப்பைப் பார்த்து நடப்பது. வாய்ப்பு இல்லாவிட்டால் தேடி அலையும் பிடிவாதம் எல்லோருக்கும் இருப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது மனிதர்களின் உறவு. 1995இல் சிகாகோவின் 343 பகுதிகளில் 8,782 பேரிடம் சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சனும் கூட்டாளிகளும் கேள்வி கேட்டார்கள். பள்ளிக்குப் போகாமல் பிள்ளைகள் தெருமுனையில் சுற்றினால் உங்கள் தெருக்காரர்கள் ஏதாவது செய்வார்களா? சுவரில் கிறுக்கினால் கேட்பார்களா? வீட்டு வாசலில் சண்டை நடந்தால் தலையிடுவார்களா? பக்கத்தில் இருப்பவர்களை நம்புகிறீர்களா? "ஆமாம்" என்ற பதில் அதிகம் வந்த பகுதிகளில், வறுமை போன்ற காரணங்களைக் கழித்துப் பார்த்த பிறகும் வன்முறை குறைவாக இருந்தது. இதற்காகத் தெருக்காரர்கள் நெருங்கிய நண்பர்களாக இருக்க வேண்டியதில்லை. தேவைப்பட்டால் தலையிடுவார்கள் என்ற பரஸ்பர நம்பிக்கை போதும்.

பயம் யார் மீது இறங்குகிறது

இந்த நம்பிக்கைக்கு நேர்மாறான ஒன்று இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் வளர்கிறது. "ஜாக்கிரதை, சந்தேகத்துக்கிடமான நபர்" என்று ஒரு படம் வரும். படத்தில் இருப்பவர் பெரும்பாலும் பொருள் கொண்டுவந்து கொடுக்கும் பையன், வேலை தேடி வந்தவர், அல்லது வழி தவறியவர். ஏழையாகத் தெரிவது, வேறு மொழி பேசுவது, தோல் நிறம் வேறாக இருப்பது, இவையே சந்தேகத்துக்குக் காரணமாகிவிடுகின்றன. இதன் விலையை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2012 பிப்ரவரியில் ஃபுளோரிடா மாநிலம் சான்ஃபோர்டில், மதில் சூழ்ந்த ஒரு புறநகர்க் குடியிருப்பில், கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ட்ரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுப் பையனை அக்கம்பக்கக் காவல் தன்னார்வலர் ஒருவர் சந்தேகப்பட்டுப் பின்தொடர்ந்து சுட்டுக் கொன்றார். தற்காப்பு என்ற வாதத்தில் அவர் விடுதலையானார். பையனிடம் ஆயுதம் எதுவும் இல்லை. ஒருவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனிப்பது காவல். யார் மாதிரி இருக்கிறார் என்பதைக் கவனிப்பது பாகுபாடு. குழுவில் ஒரு படத்தைப் போடுவதற்கு முன் இதை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பயம் உண்மை நிலவரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவதும் இல்லை. அமெரிக்காவில் 1993க்குப் பிறகு வன்முறைக் குற்ற விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இதே காலத்தில் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் ஆண்டுதோறும் கேட்டபோதெல்லாம், நாட்டில் குற்றம் போன வருஷத்தைவிடக் கூடிவிட்டது என்றுதான் பெரும்பாலான ஆண்டுகளில் பெரும்பான்மையினர் சொன்னார்கள். தங்கள் பகுதியைப் பற்றிக் கேட்டால் அப்படிச் சொன்னவர்கள் குறைவு. செய்தியில் பார்ப்பது ஒன்று, வாசலில் பார்ப்பது ஒன்று.

தெரியாத ஆளைப் பற்றிய பயம், தெரிந்தவரால் வரும் ஆபத்தை மறைத்தும் விடுகிறது. 2017இல் உலகம் முழுவதும் கொல்லப்பட்ட சுமார் 87,000 பெண்களில் 50,000 பேரை, அதாவது 58 சதவீதத்தினரைக் கொன்றவர் கணவரோ, துணைவரோ, குடும்பத்தில் ஒருவரோதான் என்று ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் கணக்கிட்டது. உடன் வாழும் துணையால் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ, அல்லது பிறரால் பாலியல் வன்முறைக்கோ வாழ்நாளில் ஆளாகும் பெண்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவற்றில் எதையும் வாசல் கேமரா பிடிக்காது. பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால் "அது அவர்கள் குடும்ப விஷயம்" என்று ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் தெருவை, திருட்டே நடக்காவிட்டாலும், பாதுகாப்பான தெரு என்று என்னால் சொல்ல முடியாது.

சாலையும் அப்படித்தான். 2021இல் உலகில் கொலையுண்டவர்கள் சுமார் 4,58,000 பேர். சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 11,90,000 பேர். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமே சாலைதான். பிள்ளைகளுக்காகவென்று புறநகருக்குக் குடிபோகும் பெற்றோர், அகலமான சாலையில் நடைபாதையே இல்லை என்பதைக் கவனிப்பதில்லை. குடியிருப்போர் சங்கம் கேமராவுக்கு ஒதுக்கும் தொகையைப் பற்றிப் பேசும்போது, எரியாத தெருவிளக்கு எத்தனை, புதர் மண்டிய மனை யாருடையது, பள்ளிக்குப் போகும் திருப்பத்தில் வேகத்தடை உண்டா என்ற கேள்விகளையும் அதே கூட்டத்தில் எடுக்க வேண்டும். கடந்த இரண்டு மாதத்தில் யார் வீட்டிலாவது திருட்டு நடந்திருந்தால், அந்த வீட்டின் கதவுச் சட்டம் சரிசெய்யப்பட்டதா, சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்களிடம் யாராவது போய்ச் சொன்னார்களா என்பதை எல்லாவற்றுக்கும் முதலில் கேட்க வேண்டும்.